தரைக்கு அடியில் ஒரு தகடு

டெக்சாஸில் நான் குடியிருக்கும் தெருவில் 1951ஆம் வருஷத்து செவ்ரோலெட் 3100 பிக்கப் ஒன்று ஓடுகிறது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வெல்டர். வண்டிக்குச் சீட் பெல்ட் மாட்டப்போகிறேன் என்று அவர் சொன்னபோது அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். கடையில் பெல்ட் கிடைக்கிறது, போல்ட்டும் கூடவே வருகிறது, நான்கு ஓட்டை போட்டால் தீர்ந்தது.

அவர் வாங்கிவந்த பெல்ட் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே வெகுநாள் கிடந்தது. முதலில் தரையைப் பார்க்க வேண்டும் என்றார்.

*

கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தால் பழைய காலத்தின் நம்பிக்கை தெரிகிறது. எதிரே வழவழவென்று பெயின்ட் அடித்த இரும்பு டேஷ்போர்டு. ஸ்டீயரிங் தண்டு மடங்காது, நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே நீள சீட்டில் மூன்று பேர். அன்றைக்குப் பெல்ட் என்றால் விமானிக்கு. காரில் போகிறவனுக்கு அது எதற்கு என்பதே பொது எண்ணம்.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப். 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில், ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் போய், ஒன்றரை நொடிக்குள் நின்றார். கண்ணில் ரத்தம் கட்டியது, உயிருக்கு ஒன்றுமில்லை. சரியாகக் கட்டிப்போட்டால் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று காட்டிவிட்டு, அதையே கார் கம்பெனிகளிடம் போய்ச் சொன்னார். விமான விபத்தைவிடச் சாலை விபத்தில்தான் தன் படையினர் அதிகம் சாகிறார்கள் என்பது அவருடைய கவலை.

சட்டம் மெதுவாக வந்தது. அமெரிக்காவில் புதிய பயணிகள் காருக்கு 1968 முதல் பெல்ட் கட்டாயம். பிக்கப்புகளின் முறை அதற்கும் பிறகு. எங்கள் பெரியவரின் வண்டியில் பெல்ட் இல்லை என்று யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை. பேத்தி கேட்டாள். பெல்ட் இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று அவள் சொன்னது அவருக்குச் சட்டத்தைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

*

ஒரு கணக்கு. 75 கிலோ எடையுள்ள ஆள், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம், எதிலோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் அவர் உடம்பு நிற்கிறது. அந்த நேரத்தில் பெல்ட்டின் மேல் விழும் இழுப்பு 1,300 கிலோவுக்கு மேல். அரை மீட்டர்கூட தாராளக் கணக்குதான். இந்தக் காலத்துக் காரின் முன்பக்கம் நசுங்கி நசுங்கி நிற்கும். பழைய டிரக்கின் சேஸிஸ் நசுங்க மறுக்கிறது, அதனால் இழுப்பு இன்னும் கூடும்.

அமெரிக்கத் தரவிதி இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள இருக்கையின் பிடிமானத்துக்கு 5,000 பவுண்டு கேட்கிறது. அதாவது 2,200 கிலோவைத் தாண்டிய இழுப்பு. தோள் பட்டையும் சேர்ந்த பெல்ட் என்றால் இடுப்புக்கு 3,000, தோளுக்கு 3,000, இரண்டும் ஒரே சமயத்தில். பெல்ட் தாங்கும், போல்ட்டும் தாங்கும். தரைத் தகடு தாங்குமா என்பதுதான் கேள்வி.

கோட்டு தைக்கும் தையல்காரர் வெளியே பெரிய பொத்தான் வைத்தால், துணிக்கு உள்பக்கம் சின்னப் பொத்தான் ஒன்றைச் சேர்த்துத் தைப்பார். இழுக்கும்போது பொத்தான் போகாது, துணிதான் கிழியும் என்று அவருக்குத் தெரியும். டிரக்கின் தரைக்கு அடியில் வைக்கும் இரும்புத் தகட்டுக்கும் அதே வேலை. வெறும் வாஷரை மட்டும் நம்பினால் போல்ட், வாஷர், பெல்ட் எல்லாம் முழுசாக இருக்கும், தரையில் ஒரு வட்ட ஓட்டையை விட்டுவிட்டு மொத்தமும் மேலே வந்துவிடும்.

*

மிதியடியைத் தூக்கினோம். மேலே பெயின்ட் நன்றாக இருந்தது. பெரியவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஒவ்வொரு சாணுக்கும் குத்திக்கொண்டே போனார். டங், டங், டங், பிறகு ஒரு மூலையில் சத்தமே இல்லை. நுனி உள்ளே போய்விட்டது. இந்த வகை டிரக்கில் கேபினின் பின்மூலைகள்தான் முதலில் துருப்பிடிக்கும், மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். பெல்ட்டின் பிடிமானம் வரவேண்டிய இடமும் ஏறக்குறைய அதுவேதான்.

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கவே பெரும்பாலான நேரம் போனது. அதற்குப் பிறகுதான் அடியில் வைக்கும் தகடு: உள்ளங்கை அகலம், 3 மில்லிமீட்டர் கனம். நான்கு மூலைகளையும் அவர் அரத்தால் மழுக்கினார். யாரும் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்டேன். கூரான மூலை இழுப்பு வரும்போது கத்தியாகிவிடும், தரையைத் தானே வெட்டும் என்றார். அழகுக்காக அவர் எதையும் செய்கிற ஆளில்லை, கேட்டிருக்கவே வேண்டாம்.

*

தரை மெல்லியது, கீழே சேஸிஸ் எவ்வளவு கனமாக இருக்கிறது, அதிலேயே கட்டிவிட்டால் என்ன? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கேபின் சேஸிஸின் மேல் ரப்பரிலும் இணைப்புக் கண்ணிகளிலும் உட்கார்ந்திருக்கிறது. பெரிய மோதலில் இரண்டும் தனித்தனியாக நகரும். ஆள் கேபினோடு ஒரு பக்கம் போக, பெல்ட் சேஸிஸோடு இன்னொரு பக்கம் இழுத்தால் காப்பாற்ற வந்ததே நெரித்துவிடும். ஆகவே எல்லா முனைகளும் கேபினிலேயே.

சீட்டின் சட்டத்திலும் கூடாது. அது உட்காரும் எடைக்குச் செய்தது. மோதும்போது சீட்டே பிய்த்துக்கொண்டு கிளம்பினால், அதோடு கட்டப்பட்ட ஆளும் சேர்ந்தே கிளம்புவார்.

*

சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க். ஆமாம், கேபினுக்கு உள்ளேயே, முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் காலத்தில் இது சாதாரணம், செவ்ரோலெட் 1972 மாடல் வரை இதைத் தொடர்ந்தது. ட்ரில் பிடிக்கும் முன் டேங்கைக் காலிசெய்து, கழற்றி, வெளியே கொண்டுபோய் வைத்தோம். வெல்டிங் பொறி பறக்கிற வேலை, ஆவி மிச்சமிருக்கும் காலி டேங்கும் ஆபத்துதான். இந்த ஒரு விஷயத்தில் பெரியவர் வேடிக்கையாகக்கூட எதுவும் பேசவில்லை.

*

கோணத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் பதிய வேண்டும். பிடிமானம் ரொம்பப் பின்னால் போனால் பட்டை படுத்துவிடும். மோதலில் ஆள் அதன் அடியில் நழுவ, பட்டை வயிற்றுக்கு ஏறும். அங்கே எலும்பு இல்லை, குடலும் கல்லீரலும்தான். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, பேத்தியையும் உட்காரவைத்துப் பார்த்துத்தான் அவர் சாக்பீஸால் குறி போட்டார்.

தோள் பட்டைக்கு எதிர்த் தொல்லை. மேல் பிடிமானம் தோளின் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் கீழே கட்டினால் மோதலில் பட்டை தோளைக் கீழே அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். கதவுத் தூணோ உள்ளே வெற்றுக் குழல். அதற்குள்ளும் தகடு செருகிப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

போல்ட் 7/16 அங்குலம், தலையில் ஆறு கோடு போட்டது. கோடில்லாத போல்ட் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அவ்வளவு பலமில்லை. பட்டையைச் சுருட்டும் பெட்டியை எந்தச் சாய்வுக்குச் செய்திருக்கிறார்களோ அந்தச் சாய்வில்தான் வைக்க வேண்டும். உள்ளே ஆடும் சின்ன எடை ஒன்றுதான் வண்டி திடீரென்று நிற்பதை உணர்ந்து பூட்டுகிறது. கொஞ்சம் சரிந்தாலும் சும்மா நிற்கும் வண்டியிலேயே பூட்டிக்கொண்டு பட்டையை விடாது.

*

இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளிப் பெல்ட்டை 1959இல் வால்வோவுக்காக வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன் சாப் கம்பெனியில் போர் விமானத்தின் எஜெக்‌ஷன் சீட் வேலையில் இருந்தவர். வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. அவர்களால் மோதிப் பார்க்க முடிந்தது, பொம்மைகளை உட்காரவைத்து, திரும்பத் திரும்ப.

பெரியவரால் முடியாது. மற்ற எந்த வேலையையும் ஓட்டிப் பார்த்து, குறையைத் திருத்தி, மறுபடி ஓட்டலாம். இதற்குப் பரீட்சை ஒரே ஒரு முறைதான், அதுவும் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற பரீட்சை. வெல்டிங் வரியை விரலால் தடவிப் பார்க்கலாம், டார்க் ரெஞ்சில் எண்ணைப் பார்க்கலாம். அதற்கு மேல் கைகளை நம்ப வேண்டியதுதான். அவ்வளவு காலம் பற்றவைத்த கைகள், நான் நம்புகிறேன். அவர்தான் இன்னொரு முறை விளக்கைப் பிடிக்கச் சொல்லி வண்டிக்கு அடியில் போனார்.

*

நடுவில் உட்காருகிறவருக்குத் தோள் பட்டை மாட்ட வழியில்லை, பின்னால் கண்ணாடிதான் இருக்கிறது. இடுப்புப் பட்டை மட்டும் போட்டால் ஆள் வெளியே பறக்கமாட்டார், ஆனால் மடங்கித் தலை இரும்பு டேஷ்போர்டில் போய் மோதும். இனி இந்த வண்டியில் இரண்டு பேர்தான் என்று முடிவு செய்துவிட்டார். மூன்றாவது பெல்ட் கடைக்குத் திரும்பப் போனது.

பெல்ட் மாட்டி முடித்த பிறகு அவர் பிரேக்கை முறைத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரிந்த இரட்டைச் சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறார். அது வந்து சேரும்வரை பேத்திக்கு வண்டி கிடையாதாம்.