வீட்டில் கடைசி பெஞ்சு

என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மூன்று வருடமாக வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று அவரிடம் சொன்னபோது திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. மழை நாளொன்றில் அவர் வீட்டுத் திண்ணையில் பேசியது இது. குரு, சீடர் என்று போட்டிருப்பது என் ஏற்பாடு. பார்த்தால் அடித்துவிட்டு ‘வாத்தியார்’ என்று எழுதுவார்.

சீடர்: ஐயா, மகள் என்னிடம் பொய் சொல்லிவிட்டாள்.

குரு: ஒன்பது வயதில் இதுதான் முதல் பொய்யா? கெட்டிக்காரி.

சீடர்: விளையாடாதீர்கள் ஐயா. இட்லிக்கு அரிசி, உளுந்து அளப்பது அவள் வேலை. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதால் அதிலேயே அரைக்கால் என்கிற பின்னத்தையும் சொல்லிக் கொடுத்தேன்.

குரு: அவள் கேட்டாளா?

சீடர்: இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

குரு: சரி, மேலே சொல்.

சீடர்: போன மாதம் அடைமழையில் ஒரு நாள் மாவு பொங்கவே இல்லை. “ஏம்மா இன்னைக்குப் பொங்கல?” என்று அவளே கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. நோட்டை எடுத்து, பாக்டீரியா படம் போட்டு, குளிரில் அது மந்தமாகிவிடும், லாக்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு என்றெல்லாம் விளக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

குரு: கேட்டது ஒரு வரி. நீ கொடுத்தது ஒரு பீரியட்.

சீடர்: இருக்கட்டும். பதினைந்து நாள் கழித்து அடுக்களையில் ஒரே நாற்றம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி டம்ளர், அரிசி டிரம் சந்தில் இன்னொன்று. இரண்டிலும் மாவு, மேலே கறுப்பாகப் பூஞ்சணம். யார் வைத்தது என்றால், “எனக்குத் தெரியாது” என்கிறாள். டம்ளருக்கு வெளியே அவளுடைய ஸ்கெட்ச் பேனாவால் கோடு வேறு போட்டிருக்கிறது!

குரு: எத்தனை கோடு?

சீடர்: ஒன்றில் மூன்றோ நாலோ.

குரு: மற்றதில்? ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்கும். அங்கே இருந்ததில் கோடு உயரமாகப் போயிருந்ததா?

சீடர்: பார்க்கவில்லை ஐயா. உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

குரு: கழுவிவிட்டாய்.

(வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். அதை மடித்து வாயில் போடும்வரை வேறொன்றும் பேசவில்லை.)

சீடர்: எங்கள் வீட்டில் பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை. அப்புறம் எதற்கு என்னிடம் மறைக்க வேண்டும்?

குரு: காட்டினால் நீ அதைப் பாடமாக்கிவிடுவாய். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்று ஒரு வாத்தியார் இருந்தார். வகுப்பில் பிள்ளைகள் கணக்கைப் பார்ப்பதைவிட வாத்தியார் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று 1964இல் புத்தகமே போட்டார். பிறகு பள்ளியே வேண்டாம் என்று 1977இல் பத்திரிகையும் தொடங்கினார். உன் மகள் கணக்கைப் பார்ப்பதற்காகத்தான் உன் முகத்துக்குத் தெரியாமல் வைத்தாள். அது போகட்டும். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீ என்ன செய்தாய்?

சீடர்: கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தொடர்கதை எழுதினேன். உங்களுக்குத் தெரியுமா?

குரு: பதினோரு அத்தியாயம். அதனால்தான் அந்தப் பக்கம் நான் வருவதில்லை.

சீடர்: அப்படியானால் பள்ளிக்கூடமே மேல் என்கிறீர்களா?

குரு: அப்படிச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்றால் கடைசி பெஞ்சு தானாக அமைந்துவிடும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில்கூட வாத்தியார் சாப்பிடப் போனதும் சட்டாம்பிள்ளை ராஜ்யந்தான். உன் வீட்டில் ஒரே பிள்ளை, ஒரே டீச்சர். டீச்சரே அம்மா. தூங்கும்போதும் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை எங்கேதான் போகும்?

சீடர்: அதற்காகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட முடியுமா ஐயா? விசேஷ வீட்டுக்குப் போனால், எந்த ஸ்கூல் என்று கேட்காதவர்கள் இல்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன சர்டிபிகேட் என்று என் மாமியாரே கேட்கிறார்.

குரு: அதற்குப் பதில் இருக்கிறது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினாலு வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் உன்னைப் போன்றவர்கள் நிற்கிறீர்கள். பதினாலு முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். மாமியாருக்கு இது போதும். உனக்குத்தான் போதாது.

சீடர்: எல்லாவற்றையும் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்களே?

குரு: அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஏழாம் வாய்ப்பாடு தானாக வராது. எண்சுவடியைக் கத்திக் கத்தித்தான் எங்கள் அப்பா படித்தார், நானும் அப்படித்தான். காலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஒழுங்காகச் சொல்லிக்கொடு. அப்போது டீச்சராக இரு, கண்டிப்பாகவும் இரு. மற்ற நேரத்தில் பார்த்தும் பார்க்காமல் இரு.

சீடர்: அது எனக்கு வருமா ஐயா?

குரு: கஷ்டம். எனக்கே பதினோராவது அத்தியாயத்தில், கதாநாயகி செத்துவிடுவாளோ என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு கண்ணாடி டம்ளர்களையும் துடைத்து, அவள் கைக்கு எட்டும் தட்டில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்தோம். திங்கள் காலையில் ஒரு டம்ளரைக் காணோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.