மானுக்குப் பின்னால் என்ன நிற்கிறது

அக்காவின் மகன் ஒன்ராறியோவில் பிறந்தவன். போன வருடம் வேட்டை அனுமதிப்பத்திரம் எடுத்தான். இந்த நவம்பரில் முதல்முறையாக அரச காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறான். அவன் எனக்கு அனுப்பிய கேள்வி சின்னது: மரத்தில் பரண் வைத்து அதில் இருப்பதா, தரையில் மறைப்புக் கூடாரம் அடித்து அதற்குள் இருப்பதா, எது நியாயம்?

எது வசதி என்று கேட்டிருந்தால் இரண்டு காணொளிகளைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பேன். நியாயம் என்று எழுதிவிட்டான்.

அப்போது நான் பலெர்மோவில் மாமா வீட்டில் நின்றேன். வியா மக்வேதாவோடு ஒட்டிய சந்தில் மூன்றாம் மாடி. பால்கனி மூலையில் கதிரையைப் போட்டால் அந்தத் தெருவின் ஒரு துண்டு தெரியும். 1600 அளவில் ஸ்பானிய ஆளுநர் ஒருவர் பழைய நகரத்தின் குறுக்கே நேர்கோடு பிடித்து வெட்டுவித்த தெரு. ஐப்பசி மாலையிலும் சனம் நிறைந்திருந்தது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

மாமா முப்பத்தைந்து வருடமாக இந்த நகரத்தில் வீடுகள் துப்புரவு செய்து வாழ்ந்தவர். அதற்கு முன்னால் வன்னியில், இருபது வயதில், வேட்டைக்காரர். இது எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை என்பதும் தெரியும். மருமகனின் கேள்வியை வாசித்துக் காட்டினேன்.

"துவக்கோ, வில்லோ?"

"துவக்கு."

"காடு ஆற்றை?"

"அரசாங்கத்தின்ரை. எல்லாரும் போகலாம்."

மாமா ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

மருமகன் தன் பக்க வாதத்தையும் எழுதியிருந்தான். மான் ஆபத்தைத் தன் உயரத்தில்தான் தேடும். பரணில் இருப்பவனின் வாடையும் தலைக்கு மேலால் போய்விடும். ஆகவே பரண் கள்ள ஆட்டம். தரையில் இருந்தால் காற்று ஒருமுறை திரும்பினாலே காட்டிக்கொடுத்துவிடும். மானுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கும்.

கெட்ட வாதம் இல்லை. நமக்குப் பழக்கமானதும்கூட. மறைந்து நின்று அம்பு விட்டவனிடம் வாலி கேட்ட கேள்வியை வைத்து எத்தனை பட்டிமன்றம் நடத்தியிருப்போம்! வான்மீகியின் இராமன் சொல்லும் பதில்களில் ஒன்று, நீ ஒரு விலங்கு, மனிதர் விலங்குகளை மறைந்து நின்றும் வேட்டையாடுவது வழக்கம் என்பது. கம்பனில் பதில் சொல்வது இலக்குவன். நேரே வந்தால் நீ அடைக்கலம் கேட்டுவிடலாம், அதனால்தான் மறைந்து நின்றான் என்கிறான். எனக்கு இரண்டுமே சமாதானமாகப் படவில்லை. ஆனால் வாலியின் கேள்வி மானுக்குப் பொருந்துமா என்பதிலும் ஐயம் உண்டு. வாலி பேசுவான், விதிகளை அறிவான், ஒரு போருக்குச் சம்மதித்து வந்தவன். மான் எந்த ஆட்டத்துக்கும் சம்மதிக்கவில்லை. கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு ‘நானும் நீயும் ஒரே தரை’ என்று சொல்வது மானுக்குக் கொடுக்கும் வாய்ப்பா, நமக்கு நாமே கொடுக்கும் நற்சான்றிதழா?

மானுக்கு நாம் கடன்பட்டிருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சாவு உடனே வரவேண்டும். அந்தக் கணக்கில் பரணுக்கும் முழுப்புள்ளி இல்லை. உயரம் கூடக்கூட குண்டு செங்குத்தாக இறங்கும். இரண்டு நுரையீரலையும் துளைக்கவேண்டியது ஒன்றோடு நின்றுபோகலாம். அந்த மான் ஓடி, நாள் கணக்கில் கிடந்து சாகும். பக்கவாட்டாக நிற்கும் மானைத் தரையிலிருந்து சுடுவது அந்த வகையில் சுத்தமானது.

ஒளிந்திருப்பது எல்லாமே ஒன்றல்ல என்பதற்கு இத்தாலியிலேயே ஓர் உதாரணம் உண்டு. மெசீனா நீரிணையை வசந்தகாலத்தில் தேன்பருந்துகள் கடக்கும். கலாப்ரியாப் பக்கத்துக் குன்றுகளில் அவற்றைச் சுடுவதற்கென்றே கொங்கிறீற் காவலரண்கள் கட்டியிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு பருந்தாவது சுடாதவனின் மனைவி அவனை ஏமாற்றுவாள் என்று ஒரு நம்பிக்கை! மெசீனாவில் பிறந்த அன்னா ஜோர்தானோ 1980களின் தொடக்கத்தில், பதின்ம வயதிலேயே, இதை எதிர்த்து நின்றார். 1998 இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தக் காவலரண்கள் பறவையிடமிருந்து மட்டும் ஒளிவதற்கானவை என்று நான் நம்பவில்லை.

மாமா தேத்தண்ணியோடு வந்தார்.

"மான் மேலை பார்க்காது எண்டு ஆர் சொன்னது? ரெண்டு தரம் வெடிவைச்ச காட்டிலை முதல் மேலைதான் பார்க்கும்." பிறகு கதிரையைத் தெருப்பக்கம் திருப்பினார். "இஞ்சையிருந்து ஒரு கல்லை எறிஞ்சால் எங்கை விழும்?"

"கீழே. கல்லுத்தரையில்."

"கீழை போய் நிண்டு நேரை எறிஞ்சால்? நல்ல கை எண்டால்?"

தெரு வாளால் கீறியதுபோல நேரே குவாத்ரோ கான்தி சந்திவரை போய், அதையும் தாண்டிப் போகிறது. நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

1977 ஆவணியில் மாமா ஒரு மோட்டைக்கரையில் இருந்தாராம். வறண்ட காலம், மிருகங்கள் தண்ணிக்கு வந்தே ஆகவேண்டும். கடன் வாங்கிய இடியன் துவக்கு. பக்கத்தில் நல்ல பாலை மரம் நின்றது. பரண் கட்ட அரை நாள் வேண்டும், அவருக்கு அவசரம். குழை வெட்டித் தரையில் மறைப்புப் போட்டுக்கொண்டார். பொழுதுபடும் நேரம் ஒரு மான் வந்து தலையைக் குனிந்தது. சுட்டார். மான் போய்விட்டது. அதற்கு அப்பால், பத்தைக்குப் பின்னால், ஏதோ விழுந்த சத்தம்.

ஊரில் ஒரு கைம்பெண்ணின் சினைப்பசு. அவவிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான்.

"கட்டுத்துவக்கு வெடிச்சிட்டுது எண்டு சனம் கதைச்சுது. நானும் ஓம் எண்டன்."

கட்டுத்துவக்கு என்பது பாதையில் கயிறு கட்டி, மிருகம் தட்டினால் தானே வெடிக்க வைப்பது. வன்னியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: யானையும் மனிதரும் அதில் கால் இழப்பது இன்றும் நடக்கிறது. வேட்டைக்காரனே இல்லாத வேட்டை. மாமா தன் வெடியை அந்த ஆளில்லாத துவக்கின் தலையில் போட்டுவிட்டார்.

"சொல்லேல்லையா?"

"நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு சண்டை. பிறகு நான் இஞ்சை. அவ எங்கையெண்டு தெரியாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரோசாலியாவிடம் ஏறிப்போவார். இந்நகரத்துத் தமிழர் பலர், சைவர்களும்தான், அப்படிப் போகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில், கொள்ளைநோய்க் காலத்தில், அந்தப் புனிதை ஒரு வேட்டைக்காரனுக்குத் தோன்றித் தன் எலும்புகள் கிடந்த இடத்தைக் காட்டினாள் என்பது கதை. மாமா அங்கே எதைக் கேட்கிறார் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மென்பொருளும் ஒருநாள் பிழைக்கும். பிழைக்கும்போது அடி யார்மேல் விழும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வோம். மருமகனின் நியாயத்தில் இருந்தது அவனும் மானும் மட்டும்தான். பொதுக்காட்டில் மூன்றாமவர் எப்போதும் உண்டு: காளான் பொறுக்குபவர், நாயோடு நடப்பவர், வேறொரு வேட்டைக்காரர். அவர்களுக்காகத்தான் நான் இப்போது பரண் பக்கம். குறி தவறினால் குண்டு மண்ணுக்குள் போகும். விழுந்து முதுகெலும்பை முறிக்காமல் முழு உடலையும் தாங்கும் பாதுகாப்புவார் கட்டவேண்டும், மட்டான உயரத்தில் இருக்கவேண்டும். ஆணி அடிக்காமல், போகும்போது பரணைக் கழற்றிக்கொண்டும் போகவேண்டும். விட்டுவிட்டு வந்தால் ‘இந்த மரம் என்னுடையது’ என்று எழுதி வைத்ததாகிவிடும்.

மேட்டில்லாத சமவெளியில் மரமும் இல்லையென்றால்? அங்கே தரையில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் முதுகுக்கு மறைப்புத் தேடுவதற்கு முன்னால் எதிரே ஒரு மண்மேட்டைத் தேடவேண்டும்.

பரணை நினைத்தால் எனக்கு இன்னொன்றும் வருகிறது. நம் கதைகளில் பரணில் இருப்பவள் வள்ளி. தினைக்குக் காவல், கிளி ஓட்டுகிறாள். வேடனாக வந்தவன் தரையில் நின்று, தப்பிப்போன மானைக் கண்டாயா என்று விசாரிக்கிறான். வன்னி வயல்களிலும் பரண் முதலில் காவலுக்குத்தான்: பன்றியையும் யானையையும் சத்தம் போட்டு விரட்ட. எல்லாம் தெரிகிற இடம் அது. சுடாமல் விடுவதற்கும் வசதியான இடம்.

இரவு மருமகனைத் தொலைபேசியில் பிடித்தேன். மாமா வாங்கிக் கதைத்தார். பசுவைப் பற்றிச் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னார். முழுவதும் சொன்னார், அந்தக் கைம்பெண்ணின் பெயர் உட்பட. எனக்கு அவர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.

"தாத்தா, அப்ப நான் மரத்திலை இருக்கட்டா?"

"இரு அப்பன். முதல் நாள் துவக்கில்லாமல் போய் இரு. ஆர் ஆர் போகினம், எந்தப் பக்கத்தாலை போகினம் எண்டு பார்."

"எவ்வளவு நேரம்?"

"இருட்டும் மட்டும்."