கால் ஊன்ற ஓர் இடம்

சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் பெரும்பாலும் முகத்திலேயே மினக்கெடுகிறோம். 54 மில்லிமீற்றர் உருவத்தின் தலை ஏழெட்டு மில்லிமீற்றர்தான் இருக்கும். அதில் விழியை எழுத, மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகை நுனியால் தொட்டு எடுக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினாலும் பார்வை கோணிவிடும்.

கண்டிச் சீமைக்கு இந்தக் கவனம் பழையது. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கலச் சடங்கை, ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். கைவினைஞர் சிலையை நேருக்கு நேர் பாராமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே கண்ணை எழுதுவார். கண் எழுதும்வரை அது வெறும் உலோகம் என்று மக்கள் கருதியதை, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681லேயே எழுதிவிட்டார்.

கண்ணில் உயிர் வருகிறது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால், கண் திறந்த அந்த உருவம் எங்கே நிற்கிறது? பீடத்தைக் கடைசி வேலையாகத் தள்ளிவைக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்தே தள்ளிவைக்கிறோம்.

பீடத்துக்குப் பெரிய செலவில்லை. தச்சுப் பட்டறையில் கழித்த பலகைத் துண்டு, மின்விசிறிப் பெட்டிக்குள் வந்த ரெஜிபோம், வெள்ளைப் பசை, சலித்த மணல் போதும். ரெஜிபோமைச் சாய்வாகச் சீவினால் மலைச்சரிவு. தேத்தண்ணி வடித்த சக்கையைக் கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துப் பசைமேல் தூவினால், உதிர்ந்த இலை மூடிய மண். சக்கையில் ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த வேர்த்துண்டில் பச்சை தோய்த்த ஸ்பொஞ்சைப் பிய்த்து ஒட்டினால் தேயிலைச் செடி. பிறகு உருவத்தின் குதிகாலில் துளையிட்டு, கம்பி செருகிப் பலகையில் இறக்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணை அப்படி ஒரு சரிவில் நிறுத்த முயன்றபோதுதான் அவள் உடல் எனக்கு விளங்கியது. மேட்டுப்பக்கக் கால் மடங்க வேண்டும்; பள்ளத்துப்பக்கக் கால் நீண்டு பாரம் தாங்க வேண்டும்; கூடைக் கயிறு தலையை இழுக்க, கழுத்து முன்னே வளைய வேண்டும். நினைவுப்பொருள் கடைகளில் அவள் வட்டப் பலகைமேல் நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். ஹந்தானையிலோ தெல்தோட்டையிலோ அவள் ஏறும் மலை அவ்வளவு தட்டையாகவா இருக்கிறது? நிலத்தை எடுத்துவிட்டால் அவள் உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இந்த மலைகளில் நடந்ததும் அதுதான். கோப்பிக் காலத்திலேயே வந்தவர்கள் மலையகத் தமிழரான எம் மக்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைத் தொடங்கிய பின், அந்தத் தேயிலையை உலகறியச் செய்தது அவர்கள் உழைப்பு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2003இல் வந்த சட்டம்தான் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமைக்கு வழிவிட்டது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் நடந்த பாதையில் மக்கள் நடந்தார்கள். காணி உரிமையும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. தலைமுறைகளாக லயத்தில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் கையில் இன்றும் காணி உறுதி இல்லை.

அந்தப் பெண்ணின் சிரித்த முகம் தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் அழகாகவே இருக்கிறது. ஒருவர் முகத்தைப் போற்றிவிட்டு, அவர் நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசாதிருப்பது அன்பாகாது. மதிப்பு என்பது, அவர் எந்த மண்ணில், எந்தச் சரிவில், எந்தப் பாரத்தோடு நிற்கிறார் என்று கேட்பதில் தொடங்குகிறது. அந்த மண் அவருக்கு உரிமையாகும்வரை அது நிறைவடையாது.

ஆகவே இப்போது பீடத்தை முதலில் செய்கிறேன். நிலம் சரியாக அமைந்தால் கால் எப்படி ஊன்றும், இடுப்பு எப்படித் திரும்பும் என்று தெரிந்துவிடும். கண் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிகிறது.