இங்கே நிக்குமா?

பாறசாலை ரயில் நிலையத்தைவிட, அதற்குப் பக்கத்தில் போகும் தமிழக - கேரள எல்லைக்கு 22 வயது கூடுதல். 1956 நவம்பர் 1-இல் கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்துக்கு வந்தன. தமிழகத்தோடு சேரப் போராடியவர்கள் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது; அது கேரளத்தோடு போயிற்று. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரலில்தான். திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது, திருவனந்தபுரத்துக்கு 1918-இல். நடுவில் இருந்த இந்த மூலை மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் வந்த தண்டவாளம், ஏற்கெனவே பிரித்து முடித்த ஊர்களுக்குக் குறுக்கே போய்ச் சேர்ந்தது. ரயில்வேக்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை. பாறசாலையும் சரி, அடுத்து தமிழகத்தில் வரும் குழித்துறை மேற்கும் சரி, திருவனந்தபுரம் கோட்டத்துக்குள்தான்.

நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை. சுமார் 10 கிலோமீட்டருக்குள் நான்கு நிறுத்தம். எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் நடுவில் உள்ள இரண்டையும் பார்த்தே இருக்கமாட்டார்கள். தென்னைக்கும் வாழைக்கும் இடையில் மஞ்சள் பலகை ஒன்று கண்ணில் பட்டு மறையும், அவ்வளவுதான். அவை ஹால்ட்டுகள். ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் வேலை கிடையாது. பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் கமிஷனுக்கு டிக்கெட் விற்பார். பாசஞ்சர் வந்து ஒரு நிமிடம் நிற்கும். தனுவச்சபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.டி.ஐ. பையன்களும் இறங்குவார்கள், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுவார்கள். பெட்டியில் யாராவது ஒரு பாட்டி கட்டாயம் கேட்பாள்: "மக்களே, இது அமரவிளையில நிக்குமா?"

ஒரு வண்டி நிற்பதற்கு எத்தனை பேர் இருந்தால் போதும்? ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு நிலையத்தைப் பற்றி 2016-இல் உலகமே பேசியது. ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் நிறுவனம் அதைத் திறந்து வைத்திருக்கிறது, அவள் படிப்பு முடிந்ததும் மூடிவிடுவார்கள் என்று படம் போட்டுப் பகிர்ந்தார்கள். அந்தக் கதையில் சர்க்கரை அதிகம். பலர் சொன்ன கமி-ஷிராதாகி நிலையம் வேறு, அந்த மாணவி ஏறிய கியூ-ஷிராதாகி வேறு. ஆள் குறைந்ததால் அந்தப் பாதையில் சில சிறு நிலையங்கள் மார்ச் மாதக் கால அட்டவணை மாற்றத்தோடு சேர்ந்தே மூடப்பட்டன. அவள் படிப்பு முடிந்த நேரமும் அதுவும் ஒத்துப்போயின, அவ்வளவே. ஆனாலும் எல்லோரும் நம்ப ஆசைப்பட்டோம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் பார்த்து உருகிய நாம்தான் அமரவிளையில் வண்டி நின்றதும் "இங்க எதுக்குய்யா நிறுத்துறான்?" என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

நிறுத்துவதற்குச் செலவு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஓடும் வண்டியைப் பிடித்து நிறுத்தி மறுபடி வேகம் எடுக்க வைக்க நேரமும் மின்சாரமும் போகும். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி தாமதித்தால் எதிரே வருவதும் எங்கோ காத்துக் கிடக்கும். இரட்டைப் பாதை போடுவதே அதற்காகத்தான். ஆனால் கணக்கு எப்போதும் கடைசியில் ஏறுகிறவன் மேலேயே விழுகிறது. கொரோனாவில் நின்ற பாசஞ்சர்கள் திரும்பி வந்தபோது பலவற்றுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. நாட்டின் கடைக்கோடி வரைக்கும் போகிறவருக்கு இதெல்லாம் பெரிதாக உறைக்காது. இரண்டு ஊர் தாண்டிக் கூலி வேலைக்குப் போகிறவளுக்கு அது மும்மடங்கு. 2024 தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் திரும்பியது.

எனக்கு இந்தக் கணக்கு ரயிலோடு முடிவதாகத் தெரியவில்லை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண் எடுத்து அந்தப் பக்கம் கொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். முன்பெல்லாம் திருவனந்தபுரத்துக்கு ஒரு வேலையாகப் போனால் திரும்பும்போது வழியில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் ஒரு எட்டு தலையைக் காட்டி, கட்டஞ்சாயா குடித்துவிட்டு அடுத்த வண்டியில் போவதுதான் வழக்கம். இப்போது காரில் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிய பிறகு, "அத்தை வீடு போயிடிச்சே" என்று பின்சீட்டில் யாராவது சொல்கிறார்கள். அத்தைகளும் சும்மா இருப்பதில்லை. "வண்டி இஞ்ச நிக்குது மக்களே, உனக்கு என்னவாக்கும் நிக்கதுக்கு?" என்று கேட்டவளுக்கு எந்த அண்ணன் மகனிடமும் பதில் இல்லை.

எல்லா நிறுத்தத்தையும் என்றைக்கும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஊரே காலியான இடத்தில் வெறும் பலகைக்காக வண்டி நிற்பதில் பொருள் இல்லை. ஒட்டாத உறவை ஒப்புக்கு இழுத்துக்கொண்டிருப்பதும் அப்படியே. ஆனால் ஹொக்கைடோவில் மூடப்போவதை மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒரு முறை ஏற நினைத்தவர்களுக்கு நாள் தெரிந்திருந்தது. நாம் மனிதர்களை நிறுத்தப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது அறிவிப்பு எதுவும் ஒட்டுவதில்லை. அத்தை இன்னும் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு உலை வைக்கிறாள்.