கைலிக் கணக்கும் கடன் புத்தகமும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையை நம் வணிக அன்பர்களில் அறியாதார் சிலரே. தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுகளை எண்ணத் தொடங்குகிறவர் பாதி வழியில் எண்ணிக்கையை விட்டுவிடுவார். அரிசி மூட்டை, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் ஏற்றிய லாரியோடு அந்தப் பாதையில் சென்ற நம்மவர்களுக்கோ, தேயிலைச் சரிவுகளின் பச்சை கண்ணில் படுமுன்னே வேறொரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மூட்டைக்கு என்ன ஏற்றுக்கூலி விழுந்தது, எத்தனை காசு வைத்து விற்றால் கட்டும் என்பதே அது. அந்தக் கணக்கு நேரியதுதானா என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

ஏழை நாடுகள் எவ்வாறு செழிப்படையும் என்பது பற்றிச் சென்ற எழுபது, எண்பது ஆண்டுகளில் பொருளாதார நூலோர் எழுதிக் குவித்தவை ஏராளம். அமெரிக்கப் பேராசிரியர் ரோஸ்டோ என்பார் 1960இல், ஒவ்வொரு நாடும் ஐந்து படிகளில் ஏறித்தான் தீரவேண்டும் என்று எழுதினார். விமானம் தரையை விட்டு எழும்புவதுபோல் நாடும் ஒரு கட்டத்தில் எழும்பிவிடுமாம். நம் நாடு 2020க்குள் முழு வளர்ச்சி பெற்றுவிட வேண்டுமென்று 1991இல் இலக்கு வைக்கப்பட்டது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. இவற்றைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சித்தாந்திகளில் சிலர், பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றியே நேராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றனர். அதைக் கேளாமல் இருப்பது அழகன்று.

அவர்களுள் தலையாயவர் ஆர்தர் லூயிஸ். மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்த கறுப்பின அறிஞர். 1979இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1954இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதன் சாரம் இது. பின்தங்கிய நாட்டில் வேலைக்கு மிஞ்சிய ஆட்கள் பழைய தொழில்களில் அடைந்து கிடக்கிறார்கள். தோட்டமும் ஆலையும் கூலியை ஏற்றாமலே வேண்டிய ஆட்களை அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம். இலாபம் வளரும், அந்த இலாபத்தால் தொழில் பெருகும், ஒரு நாள் மிஞ்சிய ஆள் தீர்ந்துபோகும், அன்றுதான் கூலி உயரத் தொடங்கும்.

அவ்வாறு மிஞ்சிய ஆட்கள் என்று அவர் சுட்டுகிறவர்களில் வயலில் வேலையின்றி நிற்கும் தம்பிமார் மட்டுமல்லர், சில்லறை வியாபாரிகளும் உளர். சந்தையில் கடைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, ஒவ்வொருவருக்கும் விற்பனையோ சிறிது, அவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டாலும் வாங்குகிறவருக்கு ஒரு குறையும் வராது, விலை குறைந்தாலும் குறையும் என்பது அவர் கருத்து. கால் நூற்றாண்டு மலையில் கடை நடத்தியவருக்கு இதைப் படித்தால் முகம் சுண்டிப்போகும். நமக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆறுதல் சொல்வதற்கும் ஒருவர் இருக்கிறார். புடாபெஸ்ட் நகரில், அதே 1915இல் பிறந்து லண்டனில் பேராசிரியராக இருந்த பீட்டர் பௌயர் என்பவர் அவர். 1946இல் மலாயாவுக்கு வந்து சிறு இரப்பர்த் தோட்டக்காரர்களைக் கண்டு ஆராய்ந்தவர். மேற்கு ஆப்பிரிக்க வியாபாரத்தையும் அருகிருந்து பார்த்தவர். வசதி குறைந்த நாட்டில் சிறு வியாபாரி வீணானவர் அல்லர் என்று அவர் வாதாடினார். மூட்டையாக வந்ததை மூன்று கட்டியாகவும் கால் போத்தலாகவும் பிரித்து விற்பதும், கடன் கொடுத்து மாதம் முழுவதும் காத்திருப்பதும் வேலையே. மூலதனம் அரிதாக உள்ள இடத்தில் உழைப்பை வைத்து அந்தக் குறையை நிரப்புகிறவர் அவரே என்றார்.

கேமரன் மலையில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் கண்டு சொன்ன இந்த மலைநாட்டில், ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 1929இல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டமும் வந்தது. காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளம். சம்பளம் மாதம் முடிந்தபின். வயிறோ நாள்தோறும் கேட்கும். இடைப்பட்ட நாட்களுக்கு முதல் போட்டவர் யார்? துரையா, கிராணியாரா? கடைக்காரர்தாம். உற்று நோக்கினால், கடை தொழிலாளிக்குக் கடன் கொடுத்தது என்பதைவிடத் தோட்டத்துக்கே கடன் கொடுத்தது என்று சொல்வது பொருந்தும். கூலியை முப்பது நாள் நிறுத்திவைக்கத் தோட்டத்தால் முடிந்தது, அந்த முப்பது நாளுக்கும் அரிசி அளக்க ஒருவர் இருந்ததால். இதைப் பௌயரும் இப்படிச் சொன்னதாக நாம் காணவில்லை. நம் பேரேட்டைப் பார்த்து நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு எவ்வளவோ இன்பமாக இருக்கும். ஆனால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் நம் நாட்டவரே.

உங்கு அஜீஸ் அவர்களை நம் சமுதாயம் வேறொரு காரணத்துக்காக நன்றியோடு நினைக்கும். ஹஜ்ஜுக்குப் போக விரும்பும் ஏழை முஸ்லிம்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து தவிக்கக் கூடாதென்று, 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை வரைந்து கொடுத்தவர் அவர். 1963இல் செயற்படத் தொடங்கிய அந்த நிறுவனமே பின்னர் தாபோங் ஹாஜி ஆயிற்று. அதே பேராசிரியர்தாம், நாட்டுப்புற வறுமைக்கு ஏன் விடிவில்லை என்று ஆராய்ந்து 1964இல் எழுதியபோது, உற்பத்திக் குறைவோடும் அரசாங்கத்தின் அசட்டையோடும் மூன்றாவதாகச் சுரண்டலையும் வைத்தார். விளைந்ததை வாங்க ஒரே ஆள், வேண்டியதை விற்கவும் அதே ஒரே ஆள் என்று ஆகிவிட்டால், உழவன் எவ்வளவு பாடுபட்டாலும் பலன் இடையில் நிற்பவர் கைக்குப் போய்விடும் என்றார். இடையில் நிற்பவர் என்றது நம் போன்றாரையே.

ஒரு வீட்டின் வறுமையை அறிய அவர் கண்ட அளவுகோல் இன்னும் வேடிக்கையானது. ஒரு வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர், வீட்டில் கைலி எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் மறைப்பார்கள், கூட்டுவார்கள், குறைப்பார்கள்; கைலி பொய் சொல்லாது. கைலி விற்றே பிழைத்த நம்மவர்களுக்கு இது புதிய செய்தியா? எந்த லயத்தில் எந்த வீட்டார் பெருநாளுக்குப் புதிது எடுத்தார்கள், எந்த வீட்டார் இரண்டு தீபாவளியாக எடுக்கவில்லை என்பது நம் கடைப் பையனுக்கே தெரியும். பேராசிரியர் எண்ணச் சொன்னதை நாம் எப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம், வேறு நோக்கத்தோடு.

ஆக, மிகையானவர் என்கிறார் ஒருவர். பயனுள்ளவர் என்கிறார் ஒருவர். சுரண்டுகிறவர் என்கிறார் இன்னொருவர். மூவரும் கற்றறிந்தோர். எவர் சொல் உண்மை?

மலைத் தோட்டக் கடையைப் பொறுத்தவரை, இதற்கு விடை மாதத்தின் தேதியைப் பொறுத்தது என்றே நாம் கருதுகிறோம். சம்பளம் போட்ட வாரத்தில் தொழிலாளியின் கையில் ரொக்கம் இருக்கும். அவர் ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ இறங்கிப் போவார். நாலு கடை ஏறி விலை கேட்பார். அப்போது நாம் ஒரு காசு கூட வைத்தால் அவர் திரும்பிப் பாராமல் போய்விடுவார். அந்த வாரத்தில் நாம் பௌயர் சொன்ன வியாபாரி. இருபதாம் தேதிக்கு மேல் அவரிடம் பஸ் காசு கூட இராது. கடன் தருகிற கடை தோட்டத்து வாசலில் ஒன்றே. அன்று நாம் சொன்னதுதான் விலை. அதே கடை, அதே தராசு, அதே ஆள். ஆனால் உங்கு அஜீஸ் விவரித்த வியாபாரியாக மாறிவிடுகிறோம். சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவிட வேண்டும் என்று தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை செல்லாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. மிக நல்ல சட்டம். ஆனால் கையில் காசில்லாதவரை எந்த நிபந்தனையும் இல்லாமலே ஒரே கடைக்கு அனுப்பிவிடலாம் என்பதை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை.

கடன் விலையில் எதெல்லாம் அடங்கியிருக்கிறது என்று நாமே பிரித்துப் பார்ப்போம். லாரிக் கூலி உண்டு. மழையில் நனைந்து கெட்ட சரக்கு உண்டு. இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்குப் போய்விட்டவரின் வாராக் கடனும் உண்டு. இவையெல்லாம் நியாயமே. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று விற்கும்போதே பேசி முடித்துக்கொள்வதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் ஆகுமென்றே சொல்லியிருக்கின்றனர். தவணை தவறியபின் ஏற்றினால்தான் அது வட்டி. ஆனால் இத்தனையும் கழித்தபின், பேரேட்டில் பெயரில்லாத ஒரு காசு மிஞ்சுகிறதே, அது எதற்கு? வாங்குகிறவருக்கு வேறு வாசல் இல்லை என்பதற்கு. ஜகாத் கணக்குப் பார்க்க உட்காரும்போது, வரும் கடனையும் வராக் கடனையும் பிரிக்கிறோம். இந்தக் காசைத் தனியே பிரித்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாம் அறிந்த ஒரு மலைக் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம். அட்டையில் 555 என்று போட்ட சிறு புத்தகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பற்று எழுதுவது அங்கே வழக்கம். பெரியவர்களில் பலர் எழுதப் படிக்க அறியாதார். புத்தகத்தைக் கொடுப்பார்கள், நாம் எழுதுவோம், வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் ஒரு தாயுடன் வந்த பத்து வயதுச் சிறுமி, பலகைமேல் புத்தகத்தை விரித்து விரலை வைத்தாள்.

"மாமா, பதினாலாந் தேதி சீனி ரெண்டு தடவ எழுதியிருக்கு. நாங்க ஒரு தடவதானே வாங்கினோம்?"

தாய் பதறிப்போய், "சும்மா இரு பிள்ள! பாய் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

பார்த்தால் இரண்டு தடவைதான் எழுதியிருந்தது. கைத்தவறு, வேண்டுமென்று செய்ததன்று. ஆனால் அதற்குமுன் எத்தனை புத்தகங்களில் எத்தனை கைத்தவறுகள் யாரும் விரல் வைக்காமல் கூட்டலில் சேர்ந்து போயினவோ, அது இறைவனுக்கே வெளிச்சம். தவறு இரு பக்கமும் சமமாக விழுந்திருக்குமே என்று சொல்லலாம். நமக்குக் குறைவாக விழுந்ததை நாம் அன்றிரவே கண்டுபிடித்துத் திருத்தியிருப்போம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தச் சிறுமிக்குப் படிப்பைக் கொடுத்தது தோட்டப் பள்ளி. பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால் எழுந்தவை அப்பள்ளிகள். பெரும்பாலும் தகரக் கொட்டகைகள். ஓராசிரியர் பள்ளிகளும் உண்டு. நாட்டு வருமானக் கணக்கில் அந்தச் சிறுமியின் விரலுக்கு இடமில்லை. நம் கடையில் அன்று முதல் கூட்டல் மாறிற்று.

மறுபடியும் லூயிஸிடம் வருவோம். மிஞ்சிய ஆள் தீர்ந்தால் கூலி உயரும் என்று சொன்னாரல்லவா? அதே கட்டுரையில் ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார். ஆள் தட்டுப்பட்டால் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைத்து, கூலி ஏறும் நாளைத் தள்ளிப்போடலாம் என்று. தேயிலைக்கும் இரப்பருக்கும் உலகச் சந்தையில் விலை குறைவாக நின்றதற்கே, இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் குறைந்த கூலிக்கு இசைந்ததுதான் காரணம் என்றும் பின்னாளில் விளக்கினார். கேமரன் மலையில் நடந்தது அதுவே. கங்காணி மூலம் ஆள் வருவதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்தது. தொழிற்சங்கம் 1954இல் ஒன்றுபட்டு எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினார்கள். கூலி ஏற வேண்டிய வேளை வந்தபோது வேறு நாட்டு வாசல் திறந்தது. இன்று அந்தச் சரிவுகளில் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். பல இடங்களில் கையால் கிள்ளிய கொழுந்தை இப்போது இயந்திரம் வெட்டுகிறது. 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அவரை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்க் கூலி கேட்க அவர்களுக்கு வழியில்லை.

நம் தாத்தாமார் காலத்தில் கடைக்கு வேறு வாசல் இல்லாதவர் வந்தார். இன்று வேலைக்கே வேறு வாசல் இல்லாதவர் வருகிறார். அவர் பேசுவது வங்கமொழி. நம் புத்தகத்தில் எழுதியிருப்பது தமிழும் மலாயும். அவருக்குப் படித்துச் சொல்லப் பள்ளிச் சிறுமியும் இல்லை. அவருடைய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள்.

பெர்மிட்டை மாற்றுவது நம் கையில் இல்லை. சம்பளமும் நம் கையில் இல்லை. 555 புத்தகத்தின் முதல் பக்கம் நம் கையில் இருக்கிறது. அரிசி, எண்ணெய், சீனி, முட்டை, போன் அட்டை இவற்றுக்கு ரொக்க விலை ஒன்றும் கடன் விலை ஒன்றும் அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். அவர் அதை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங்கில் நாலு கடையில் காட்டி ஒத்துப் பார்ப்பார் என்று சில அன்பர்கள் தயங்கலாம். பார்க்கத்தான் செய்வார். வங்கமொழியில் எழுத நமக்குத் தெரியாதே என்று வேறு சிலர் சொல்லலாம். வாங்க வருகிறவருக்குத் தெரியும். விலையைச் சொல்லிப் பேனாவை அவரிடம் கொடுத்தால் போதும்.