திருடன் எழுதும் கணக்கு

கடவுள் ஏன் ஒளிந்திருக்கிறார் என்று கேட்டால் சைவ சித்தாந்தம் திணறுவதே இல்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று அவருக்கு ஐந்து தொழில். ஒளிந்திருப்பதும் வேலை நேரத்தில் சேர்த்திதான். நடராசர் திருமேனியில் உடுக்கை படைப்பு, அபயக்கை காப்பு, தீ அழிப்பு, தூக்கிய கால் அருள். மறைப்பு, ஊன்றிய காலில். ‘உண்மை விளக்கம்’ எழுதிய மனவாசகம் கடந்தார் அப்படித்தான் பிரித்துக் காட்டுகிறார். அதாவது ஆடுகிறவரின் பாரம் முழுக்க மறைக்கிற காலில் நிற்கிறது. உயிர் பக்குவப்படும்வரை முகம் காட்டாமல் இருப்பதும் கருணையே என்பது கொள்கை. சொற்பொழிவுகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேனே தவிர, ஒளிவது எப்படிக் கருணையாகும் என்பது எனக்குள் இறங்கவேயில்லை.

கோடை லீவுக்கு வந்த பேரன் ஒரு விளையாட்டுப் பெட்டியை விரித்தான். ஸ்காட்லாந்து யார்டு என்று பெயர். 1983இல் ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் கம்பெனி வெளியிட்டது. அந்த வருஷமே அந்நாட்டின் சிறந்த விளையாட்டுப் பரிசையும் வாங்கியது. லண்டன் நகரப் படத்தில் 199 நிறுத்தங்கள். ஒருவன் மிஸ்டர் எக்ஸ் என்ற குற்றவாளி, மற்றவர்கள் துப்பறிகிறவர்கள். அவர்களுடைய காய்கள் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும். மிஸ்டர் எக்ஸின் காய் பலகையிலேயே இருக்காது. போன நிறுத்தத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதி, டிக்கெட்டால் மூடிவிடுவான். டாக்சியா, பஸ்ஸா, சுரங்க ரயிலா என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது. 3, 8, 13, 18, 24ஆம் நகர்வுகளில் மட்டும் தலையைக் காட்டவேண்டும்.

நான் கண்டக்டராக இருந்தவன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் வழியாக வெள்ளிமலை போகும் வண்டியில் வெகுகாலம் ஓடினேன். டிக்கெட்டைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற ஆட்டம் எனக்குப் பிடிக்காமல் போகுமா? கல்வராயன் மலையில் வண்டி கண்ணுக்குத் தெரியாது. வளைவில் அடிக்கிற ஹாரனை வைத்தே எந்தத் திருப்பம், இன்னும் எவ்வளவு நேரம் என்று மேலே இருப்பவர்கள் கணித்துவிடுவார்கள். கடுக்காய் மூட்டையும் புளி மூட்டையும் நாங்கள் போய்ச் சேருமுன்பே தலைக்கு ஏறியிருக்கும். செக்கிங்காரர்கள் எங்களோடு ஆடியதும் இதே ஆட்டம்தான். எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள் என்று சொல்லமுடியாது.

பேரனோடு ஆடியபோது என் கண் வேறொன்றில் போய் நின்றது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணை எழுதினான். “தாத்தா, எட்டிப் பாக்கக் கூடாது” என்றான். நான் பார்க்கவில்லை. அவனும் பொய் எழுதவில்லை. ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருந்தால் நடுவில் எனக்குத் தெரிய வழியில்லை. துரத்துகிறவர்கள் ஏமாற்ற முடியாது, அவர்கள் காய் வெட்டவெளியில் கிடக்கிறது. பலகையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் நேர்மை தேவைப்படுகிற ஒரே ஆள் திருடன்தான்! 1899இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்ற ஆங்கிலேயர் எதிராளியின் காய்கள் தெரியாத சதுரங்கம் ஒன்றை அமைத்தார். அதற்கு இரண்டு பலகையையும் பார்க்கிற நடுவர் ஒருவர் வேண்டும். இங்கே நடுவரும் கிடையாது. மூடிய தாள் மட்டும்தான்.

எங்கள் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்திலும் அதே சட்டம்தான். மணலை நீளக் கரை கட்டி, உள்ளே குச்சியை நகர்த்திக்கொண்டே போய் எங்கோ விடுவோம். எதிராளி இரண்டு கையையும் கோத்து ஓரிடத்தில் பொத்துவான். குச்சி உண்மையிலேயே மணலுக்குள் இருக்கவேண்டும். விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வெறுமனே மணலைக் கிளறுகிறவனோடு மறுநாள் யாரும் ஆடமாட்டார்கள். ஒளிக்கத் தெரியாதவனைச் சேர்த்துக்கொள்வோம், அவனைச் சேர்க்கமாட்டோம்.

இதன்பிறகுதான் மறைத்தல் என்ற தொழில் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. கடவுளைப் பார்க்கவில்லை என்பது நம்பிக்கையை உடைப்பதில்லை. குச்சி மணலிலேயே இல்லை என்று சந்தேகம் வருகிற அன்றைக்குத்தான் உடைகிறது. மூடிய டிக்கெட்டுக்கு அடியில் சரியான எண் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தேடுவதுதான் பக்தி என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. பலகைமுன் உட்கார்ந்தவர்கள் சம்மதித்து உட்கார்ந்தவர்கள். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையில் பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவை யாரும் கேட்டு ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அவளிடம் போய் இது அவன் விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் இந்த ஒளிதலுக்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. மழை இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு குறுகிய இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள். ஆள் தெரியவில்லை, நெருக்கடி தெரிகிறது. இருவர் பாட்டால் விளக்கேற்ற, மூன்றாமவர் திருமாலைக் கண்டார். பிடிபடுவதற்கென்றே ஒளிந்தவர் அவர்.

இன்னொன்று அவ்வூர் அரசர் மெய்ப்பொருள் நாயனார் கதை. அவரிடம் போரில் தோற்றுக்கொண்டே இருந்த முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை வைத்துக்கொண்டு அரண்மனைக்குள் வந்தான். இது மணலில் குச்சி இல்லாத ஆட்டம். குத்தினான். வாளோடு பாய்ந்த காவலன் தத்தனை, சிவவேடம் தாங்கியவன் நம்மவன் என்று அரசர் தடுத்து, அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார். ஊர் கொதித்துச் சூழ்ந்தது. தத்தன் விலக்கிவிட்டு ஊர் தாண்டிக் கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். அந்தச் செய்தியைக் கேட்கும்வரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்கிறது பெரிய புராணம்.

சொற்பொழிவாளர்கள் அரசரின் பொறுமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வழிதான் முக்கியம். ஊரைத் தாண்டியபின் பார்க்க ஆளில்லை. வாள் கையில் இருக்கிறது, கொன்றவன் பக்கத்தில் நடக்கிறான். வெட்டிப் போட்டுவிட்டு, விட்டுவந்தேன் என்று சொல்லியிருந்தால் கட்டிலில் கிடப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தத்தன் போனதும் வந்ததும் உண்மை, சொன்னதும் உண்மை. அறுபத்துமூவரில் அவர் பெயர் இல்லை. என்னைக் கேட்டால் அறுபத்துநாலாவதாக அவரை உட்காரவைப்பேன்.