கிடைக்கவில்லை என்றால் இல்லையா?

கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி வயல்களும் தோட்டங்களுமாக இருக்கும் ஊராட்சி ஸ்ரீமதுரை. பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், வயநாடன் செட்டி எனப் பல குடிகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்தில் வாழ்கின்றன. அங்கிருந்து கூடலூர் அரசுக் கல்லூரிக்குப் பஸ்ஸில் வரும் ஒரு மாணவி, தன் ஊர்ப் பணியர்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூலகக் கணினியில் ஊர்ப் பெயரையும் குடிப் பெயரையும் தட்டுகிறாள். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று திரை சொல்கிறது. இதிலிருந்து அவள் எதை அறிந்துகொண்டதாகச் சொல்லலாம்?

இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. ஒன்று இல்லை என்பதை மனிதர் எப்படி அறிகிறார்? 7-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர், இன்மையை அறியவே தனியாக ஓர் அளவை (அறியும் வழி) உண்டு என்றார். அதற்கு அநுபலப்தி என்று பெயர். மீமாம்சையிலேயே இன்னொரு பிரிவைத் தொடங்கிய பிரபாகரர் அதை ஒப்பவில்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் (இன்மை) ஒன்று. சிவஞான சித்தியாரும் அபாவத்தைப் பட்டியலில் சொல்லிவிட்டு, எல்லா அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது.

இந்த வாதங்களுக்கு நடுவே எழுந்த ஒரு நிபந்தனைதான் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு உதவும். தரையில் குடம் இல்லை என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் அங்கே வெளிச்சம் இருக்க வேண்டும். குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற நிலை வேண்டும். இருட்டறையில் குடம் தென்படாததால் குடம் இல்லை என்று ஆகிவிடாது. தஞ்சைச் சீமையில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் இன்னும் ஒரு படி போகிறார். தர்மமும் அதர்மமும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதனால் அவை இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் காணப்படும் தகுதி உள்ள பொருள்கள் அல்ல அவை.

கல்லூரி நூலகத்தின் தேடுபெட்டி வெளிச்சமுள்ள அறையா? நீலகிரியைப் பொறுத்தவரை பல மூலைகளில் இருட்டுதான்.

முதலில் பெயர்கள். நீலகிரியையே பழைய ஆங்கில நூல்கள் நீல்கெர்ரி, நீலகிரி என்று பல விதமாக எழுதின. காட்டுநாயக்கரை ஒரு நூல் காட்டுநாயக்கன் என்று சொல்லும், இன்னொன்று ஜேனு குறும்பர் என்று சொல்லும். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் பணியரின் குளி என்ற தெய்வமும் காட்டுப் பகவதியும் இருக்கிறார்கள். ஆனால் ‘பணியர்’ என்று தமிழில் தட்டினால் அந்த நூல் வராது. ‘பணியன்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால்தான் வரும்.

அடுத்து எல்லைகள். ஸ்ரீமதுரை அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஸ்ரீமதுரைப் பக்கத்துச் செய்தி பெரும்பாலும் மலபார் ஆவணங்களுக்குள்தான் கிடக்கும். பணியரில் பெரும்பாலோர் இன்றும் கேரளத்தின் வயநாட்டில் வாழ்வதால், மலையாளத்தில் தேடாத தேடல் அரைத் தேடல்தான்.

மூன்றாவது தொழில்நுட்பம். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் நாடெங்கும் உள்ள ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏழை மாணவருக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அங்கே பல ஆய்வேடுகள் ஸ்கேன் செய்த வெறும் படங்கள். தமிழ் ஆய்வேடுகளில் பல, யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கங்கள் கணினிக்குப் பொருளற்ற குறிகளே. அவள் தேடும் சொல் அந்தப் பக்கத்தில் இருந்தும், தேடுபெட்டி இல்லை என்கிறது.

இவையெல்லாம் உழைத்தால் சரிசெய்யக்கூடியவை. சமயத்தைப் பற்றிக் கேட்பவரை ஆழமாகத் தொடுவது அலமாரியின் தீர்ப்பு. நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தி அடுக்கப் பயன்படுத்தும் டியூயி தசமப் பகுப்பில் 200 என்ற எண் மதத்துக்கு. அதில் 220 முதல் 289 வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் போய்விட, உலகின் மற்ற மதங்கள் எல்லாம் 290-களுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. இந்து மதம் 294.5. வேறெங்கும் இடம் கிடைக்காத மதங்களுக்கு 299. பழங்குடித் தெய்வங்களுக்குப் பெரும்பாலும் அதுகூடக் கிடைப்பதில்லை. அவை 300-களில் பழக்கவழக்கம், நாட்டார் வழக்காறு என்று வைக்கப்படுகின்றன. ஒருவர் கும்பிடுவது மதம், இன்னொருவர் கும்பிடுவது வழக்கம் என்று பிரித்தது யார்? இறையியல் வாதம் எதுவும் நடக்காமலே, நூலின் முதுகில் ஒட்டிய சீட்டின் எண்ணில் இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933-இல் கோலன் பகுப்பை வெளியிட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன், ஒரு நூலை ஒரே பொந்தில் அடைக்காமல் அதன் கூறுகளைப் பிரித்துக் கோக்க வழி கண்டார். அவர் பிறந்த மண்ணிலேயே பெரும்பாலான கல்லூரிகள் டியூயியைத்தான் பின்பற்றுகின்றன.

பணியரைப் பழைய ஆவணங்களில் தேடுபவர் ‘அடிமை’, ‘கூலி’ என்ற தலைப்புகளின் கீழும் தேட வேண்டும். வயநாட்டு மானந்தவாடியின் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், பகவதியின் முன்னிலையில், நிலக்காரர்கள் பணியரை ஓராண்டு வேலைக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்தச் சந்நிதியில் நின்ற பணியர் பகவதியிடம் என்ன கேட்டார்கள் என்பதை எழுதி வைக்க அன்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. நீலகிரி மலையில் 1901 கணக்கெடுப்பில் 807 பேரே இருந்த தோடர் பழங்குடியைப் பற்றி, மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் எழுநூறு பக்கங்களுக்கு மேல் எழுதினார். பணியர் எண்ணிக்கையில் தோடரைவிடப் பல மடங்கு. எழுத வந்தவர்களின் ஆர்வம் எங்கே போனதோ அங்கேதான் நூல்கள் குவிந்தன. தேடுபெட்டி அந்தக் குவியலைத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் உரை என்ற அளவைக்கு, அதாவது நம்பத்தக்கவரின் சொல்லுக்கு, திரும்ப வேண்டும். உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, சீவக சிந்தாமணியின் சமணக் கருத்துகள் பிடிபடாமல் தவித்தார். ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் பதிப்பு வந்தது. வாழும் ஒருவரின் சொல்லை ஏட்டுக்கு இணையான சான்றாக அவர் மதித்தார். ஸ்ரீமதுரைப் பாடியில் இருக்கும் ஒரு பணியர் மூப்பரின் சொல்லுக்கும் அந்த மதிப்பு உண்டு. கேட்லாக்கில் ஏறவில்லை என்பதற்காக அது குறைந்த சான்று ஆகிவிடாது.

ஆனால் மூப்பர் சொல்ல மறுக்கலாம். இறந்தவருக்குச் செய்யும் சடங்கின் சொற்கள் வெளியாருக்கு உரியவை அல்ல என்று அவர் கருதினால், அத்வரீந்திரர் தர்மத்தைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: தேடுபெட்டியில் தென்படும் தகுதி அந்தச் சொற்களுக்கு இல்லை; ஆனாலும் அவை இருக்கின்றன. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பாசமகுவாடி பழங்குடியினரின் பாட்டையும் பேச்சையும் மானிடவியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் 1890-இல் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அந்த உருளைகள் இன்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. அதன் கேட்லாக்கில், இந்தப் பதிவுகளை எப்படி மதித்துப் பயன்படுத்த வேண்டும் என்று அந்தக் குடியினரே இட்ட குறிப்புகள் இப்போது இடம்பெற்றுள்ளன. நீலகிரியின் குடிகளுக்கும் அந்த உரிமை வர வேண்டும்.

அதுவரை ஆய்வேடுகளில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ‘ரிசர்ச் கேப்’ என்ற தலைப்பில், இதைப் பற்றி இதுவரை ஆய்வே இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரோடியிருக்கிறது. மணிமேகலையின் அளவைவாதி பிரமாணக் குற்றங்கள் எட்டு என்கிறான். அவற்றில் ‘தேராது தெளிதல்’, அதாவது ஆராயாமல் முடிவுகட்டுதல், ஒன்று; அந்த ஒரு வரி செய்வது அதைத்தான். கைடுகள் அந்த ஒரு வரியை ஏற்காமல், ஒரு பத்தி கேட்டு வாங்க வேண்டும்: எந்தெந்தத் தளத்தில், எந்த மொழிகளில், எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடினேன், எந்த எழுத்துருக் கோப்புகளுக்குள் தேட முடியவில்லை, 1877-க்கு முந்தைய மலபார் ஆவணங்களைப் பார்த்தேனா, ஊரில் யாரைக் கேட்டேன், எதைச் சொல்ல மறுத்தார்கள்.